சிறுகுறிஞ்சான் பொடி, சாப்பிடும் முன்

1
இது நடந்தது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். முதலில் 'மூலிகை நல்லது, ஆனால்' என்று தொடங்கினேன். கட்டுரைபோல இருந்தது. அடித்துவிட்டேன்.

இசைவாணி பி.எஸ்சி. வேதியியல். திண்டுக்கல்லில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் மூன்று மாதமாக நிற்கிறாள். வாய் திறப்பது குறைவு.

2
ஆத்தூர்ப் பக்கம் மல்லிகை போட்டிருக்கும் சோலைமலை சர்க்கரைக்குச் சிறுகுறிஞ்சான் இலை கேட்டார். இலை இல்லை. சாறெடுத்துக் காய்ச்சிய பொடிதான்* இருந்தது.

"வேளைக்கு ஒரு சிட்டிகைதான்யா," என்றாள் இசைவாணி.

"இம்புட்டுதானா தாயி? வேலியில பறிச்சா கைப்பிடி திம்பேன். இதப் பாத்தா சக்கர பயப்படுமா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். [முதல் வரைவில் 'எச்சரித்தாள்' என்று இருந்தது. பொய்.] சர்க்கரை மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்க நினைத்தாள். கூட்டம். அவள் குரல்...

* பத்துக் கிலோ இலைக்கு ஒரு கிலோ பொடி. டப்பாவில் சின்ன எழுத்தில் இருக்கும்.

3
மறுநாள் விடியலில், மொட்டு விரியுமுன் பறிக்க வேண்டும் என்று, அவர் வெறும் வயிற்றில் மாத்திரையும் பொடியில் ஒரு முழு ஸ்பூனும் விழுங்கிவிட்டுத் தோட்டத்தில் இறங்கினார். வியர்த்துக் கொட்டி, செடிகளுக்குள் விழுந்தார்.

பூ வண்டி ஓட்டும் பாண்டியராஜ் கடைக்கு வந்து சொன்னான்: "நேத்து உங்கிட்ட வம்பு பேசுனாருல்ல, சோலைமலை மாமா? ஆஸ்பத்திரியில கெடக்காரு. சக்கர அடியோட எறங்கிருச்சாம்."

இசைவாணி வார்டு வாசல்வரை போய்விட்டாள். உள்ளே குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. நர்ஸ் அவர் மனைவி கண்ணம்மாளிடம் கேட்டார்.

"மாத்திரையத் தவிர வேற மருந்து எதும் எடுத்தாராம்மா?"

"மருந்தா? வேற எதையும் தொடமாட்டாருங்கம்மா."

கண்ணம்மாள் பொய் சொல்லவில்லை. வேலியில் படர்கிற தழை அவளுக்கு மருந்துக் கணக்கில் வராது.

4
முடிவு ஒன்று: இசைவாணி உள்ளே போய்ச் சொல்கிறாள். வேலை போகிறது.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. அவர் பிழைத்து வீட்டுக்குப் போகிறார். அங்கே டப்பாவில் முக்கால் பங்கு மீதி இருக்கிறது. பொழுது விடிந்தால் பறிப்பு.

முதலாவதை நான்கு தடவை எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. படித்தால் மனம் லேசாகிறது; அதனால்தான் கிழித்தேன். அன்று அந்த வாசலில் நின்றது நான். திரும்பி பஸ் ஏறினேன். என் கையால் அவளை உள்ளே அனுப்பினால் அது பொய்.

நர்ஸ் 'இல்லை' என்று எழுதிக்கொண்டிருக்கிறார். அடுத்த கட்டிலுக்குப் போவதற்குள் நீங்களாவது சொல்லுங்கள்.