பாலம் கடந்த காலை

மணிலாவிலிருந்து புறப்பட்ட துருப்புக் கப்பலின் அடித்தட்டில் கான்வாஸ் படுக்கைகள் ஐந்தடுக்காகத் தொங்கின. உச்சியில் கிளேட்டன், அவனுக்குக் கீழே எம்மெட். லூசான் தீவுக் காட்டுச் சண்டையில் கிளேட்டனின் காலில் குண்டுச் சிதறல் பாய்ந்தபோது அவனை முதுகில் சுமந்து ஆற்றைக் கடந்தவன் எம்மெட்தான். இப்போது எம்மெட்டுக்கு மலேரியா. எழுந்து நின்றால் கால் துவண்டது.

"சான் பிரான்சிஸ்கோ பாலம் வர்றப்ப என்னை மேல்தட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுடா. அதைப் பாத்தாத்தான் சண்டை முடிஞ்சதுன்னு நம்புவேன்."

"இதுக்குப் போய் கெஞ்சுவியா? நீ கெடக்கிற கெடைக்கு ஒரு கையிலேயே தூக்கிட்டுப் போயிடுவேன்."

சான் பிரான்சிஸ்கோ நெருங்குகிறது என்று ஒலிபெருக்கி கரகரத்ததும் எல்லோரும் ஏணிக்குப் பாய்ந்தார்கள். எம்மெட் நடுங்கும் விரல்களால் பூட்ஸ் கயிற்றோடு மல்லாடிக்கொண்டிருந்தான்.

"நீ கட்டி முடி. இடம் பிடிச்சிட்டு வந்துடறேன்" என்று கிளேட்டன் கூட்டத்தோடு ஏறினான்.

மேல்தட்டில் கம்பியோரம் நல்ல இடம் கிடைத்தது. விட்டுப் போனால் திரும்பக் கிடைக்காது. இன்னும் நேரமிருக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டான். அதற்குள் வெயிலில் செக்கச்செவேலென்று பாலம் தலைக்கு மேல் வந்துவிட்டது. தொப்பிகள் பறந்தன. பெரிய பெரிய ஆட்கள் விக்கி அழுதார்கள். கிளேட்டன் தொண்டை கிழியக் கத்தினான். எம்மெட்டை மறந்துவிட்டான் என்று சொல்ல முடியாது. நினைப்பு இருந்தது, கால்தான் நகரவில்லை.

அவன் கீழே இறங்கி வந்தபோது, ஆளில்லாத படுக்கைகளுக்கு நடுவே எம்மெட் பூட்ஸும் தொப்பியும் அணிந்து, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வந்துடுச்சா?"

"ஒரே மூடுபனிடா. ஒண்ணும் தெரியல. நீ வந்திருந்தாலும் வீண்தான்."

"அப்படியா. சரி, விடு."

அந்த நேரம் பார்த்து, பக்கத்துப் படுக்கை ரஸ்ஸோ ஏணியில் குதித்து இறங்கினான். "யப்பா, என்னா சிவப்புடா! இந்தக் கிளேட்டன் கத்துன கத்துல என் காதே போச்சு!"

"ஆமா" என்றான் எம்மெட். "இங்கயே கேட்டுது."

கிளேட்டன் கூசிக் குறுகிப்போனான்.

துறைமுகத்தில் கப்பல் கரையணைந்ததும் எம்மெட்டின் முன்னால் குனிந்தான். "முதுகுல ஏறிக்கோடா."

"வேணாம். நடந்துக்கறேன்."

எம்மெட் கம்பியைப் பிடித்து ஒவ்வோர் அடியாக இறங்கினான். பின்னால் இரண்டு மூட்டைகளோடு கிளேட்டன். கீழே பேண்டு வாத்தியம் முழங்கியது. காப்பி கொடுத்துக்கொண்டிருந்த செஞ்சிலுவைச் சங்கத்து அம்மாள் எம்மெட்டிடம் சொன்னாள்: "உங்க மூட்டையையும் சேத்து சுமந்துட்டு வர்றாரே! இப்படி ஒரு கூட்டாளி யாருக்குக் கிடைக்கும்?"

"ஆமாம்மா. நல்லவன்தான்" என்றான் எம்மெட். குரலில் துளிக் குத்தலும் இல்லை. இருந்திருந்தால் கிளேட்டன் தாங்கியிருப்பான்.

ஆஸ்பத்திரி வண்டியில் மூட்டையை ஏற்றிவிட்டு, "எம்மெட்…" என்று ஆரம்பித்தான்.

"போடா, உன் ரயிலுக்கு நேரமாச்சு."

வண்டி கிளம்பியது. கொடியசைத்து ஆரவாரித்த கூட்டத்துக்கு நடுவே, யார் முகத்தையும் பார்க்காமல் கிளேட்டன் நடந்தான். யாரோ அவன் தோளைத் தட்டி, "சபாஷ்" என்றார்கள்.