ஒரு 'க்' அதிகம்

அக்கா நடத்தும் இசைவிழாவுக்கு இணையதளம் செய்து தருகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இசை என்றதும் நீங்கள் நினைக்கிற மாதிரி இசை இல்லை. ஒருவர் ஓடும் ஃபேனில் காகிதத்தை உரசுவார். இன்னொருவர் காலித் தண்ணீர்க் கேனுக்குள் மைக்கை இறக்குவார். சோதனை இசை என்று பெயர். சோதனை கேட்பவர்களுக்குத்தான்.

எங்கள் அப்பா தையல்காரர். அக்கா இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் வெட்டிக்கொண்டே இருப்பார். "பாத்திரம் உருட்டுறதுக்கு நோட்டீஸ் வேறயா?" என்று ஒருமுறை கேட்டார். அதோடு சரி, ஒரு வருடம்கூட விழாவுக்கு வந்ததில்லை. அக்காவும் வீம்புக்காரிதான். ஆனால் முன்வரிசையில் ஒரு நாற்காலியை மட்டும் யாருக்கும் தர மாட்டாள்.

"ஒரு தடவை வந்து கேட்டாப் போதும்டி. பிடிக்கலைன்னு சொன்னாக்கூடப் பரவாயில்லை" என்பாள்.

இணையதளத்துக்கு அவள் படுத்திய பாடு கொஞ்சமில்லை. பதிவுப் பக்கத்தில், விதிமுறைகளை ஏற்பவர்கள் டிக் செய்யும் கட்டத்தில் 'சம்மதம்' என்று போட்டிருந்தேன்.

"கல்யாணப் பேச்சு மாதிரி இருக்கு. 'இசைகிறேன்'னு போடு. ஒத்துக்கிறேன்னும் அர்த்தம், உள்ளேயே இசையும் இருக்கு."

அழகாகத்தான் இருந்தது. அவசரத்தில் ஒரு 'க்' கூடுதலாக விழுந்து 'இசைக்கிறேன்' ஆகிவிட்டது. நானும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை.

பதிவு செய்த சிலர், "என்ன எடுத்துட்டு வரணும்?" என்று எழுதிக் கேட்டார்கள். தண்ணீர் பாட்டிலைச் சொல்கிறார்களாக்கும் என்று, "உங்கள் விருப்பம்" எனப் பதில் போட்டேன். என் மூளையை என்ன சொல்ல!

விழாவன்று ஹாலுக்குள் வந்தவர்கள் கையில் கரண்டி, சைக்கிள் மணி, கிலுகிலுப்பை. அக்கா செல்போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள்.

"வந்த அத்தனை பேரையும் வாசிக்கிறேன்னு டிக் அடிக்க வச்சிருக்கியேடி! என் மானத்தையே வாங்கிட்டே."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே அப்பா நின்றார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல்.

"பக்கத்துக் கடைக்காரர் பேர்ல பதிஞ்சு, ஓரமா உட்கார்ந்து கேட்டுட்டுப் போயிடலாம்னுதான் நினைச்சேன்" என்றார். "டிக் அடிச்சப்புறம் பார்த்தா, இசைக்கிறேன்னு போட்டிருக்கு. வாக்குக் கொடுத்துட்டு வெறுங்கையோட வர முடியுமா?"

சொன்ன தேதிக்கு ஒரு சட்டைகூடத் தைத்துத் தந்தறியாதவர் பேசுகிற பேச்சு இது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அக்கா அவரை அந்த நாற்காலிக்கு அழைத்துப் போனாள். அவர் கத்தரியை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

"எப்பம்மா ஆரம்பிக்கணும்?"

"நான் தலையாட்டும்போதுப்பா." அவள் மேடையேறிக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

விளக்குகள் மங்கின. கரண்டிகளும் மணிகளும் தயாராக இருந்தன. துணியை விட்டுக் கண்ணெடுக்காத மனிதர், இமைக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினால் அவர் கத்தரியைப் பார்க்கக் குனிந்துவிடுவார் என்று அக்காவுக்குத் தெரியும். ஆட்டாமலே நின்றாள்.