வேலி இல்லாத எல்லை

இந்திய-நேபாள எல்லையைக் காக்கும் இந்தியப் படையில் ஏட்டாக இருக்கும் சத்யப்பிரியா, மக்காச்சோள அறுவடைக்காக விடுப்பில் சொந்த ஊரான குன்னத்துக்கு வந்திருந்தாள். வந்த மூன்றாம் நாளே பள்ளித்தோழி ஆர்த்தி அவளைப் பிடித்துக்கொண்டாள். ஆர்த்தி அரியலூரில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர்.

“பட்டிமன்றம் வச்சிருக்கோம்டி. நீதான் நடுவர்.”

“எனக்கு மேடையேறிப் பழக்கமில்லடி.”

“மொதல்ல தலைப்பைக் கேளு. ஐரோப்பா மாதிரி தெற்காசிய நாடுகளும் ஒரே ஒன்றியமாச் சேந்தா நாட்டுப் பாதுகாப்பு வலுக்குமா, குலையுமா? இதுக்கு உன்னை விட்டா வேற யாரைக் கூப்புடுவேன்?”

அரங்கம் நிறைந்திருந்தது. ஒன்றியம் வேண்டும் என்றவர்கள் வணிகம், நட்பு என்று அழகாகப் பேசினார்கள். ஆனால் கைதட்டலை அள்ளியது எதிரணியில் பேசிய இறுதியாண்டு மாணவன் சரத்குமார்தான். “எல்லைய எடுத்துட்டா யார் வரா, யார் போறான்னு எப்படித் தெரியும்? நடுவர் மேடத்துக்குத்தான் அங்க என்ன வேலை?” என்று முடித்தான். அரங்கமே சிரித்தது. சத்யப்பிரியாவும் சிரித்துவிட்டாள். அதோடு மேடைப் பயமும் போயிற்று.

எழுந்து மைக்கைப் பிடித்தாள்.

“நான் நிக்கிற எடத்துல வேலியே கெடையாது தம்பி. விசாவும் கேக்க மாட்டோம். அவங்க இங்க சந்தைக்கு வருவாங்க, நம்மாளுங்க அங்க கல்யாணத்துக்குப் போவாங்க.”

பிறகு போன மாசியில் நடந்ததைச் சொன்னாள். ஒருவன் இரண்டு சிறுமிகளோடு வந்தான். தாய்மாமன் என்றான். அடையாள அட்டைகள் சரியாக இருந்தன, பிள்ளைகளும் தலையாட்டினார்கள். அவள் அனுப்பிவிடத்தான் இருந்தாள். அந்த நேரம் பார்த்து, நேபாளப் பக்கத்துப் பெண் காவலரிடமிருந்து போன் வந்தது. நீலச் சட்டைக்காரன், இரண்டு பெண் பிள்ளைகள், விட்டுவிடாதே என்றார் அவர். மாதந்தோறும் இருபக்கத்தாரும் கூடிப் பேசுவதில் பழக்கமானவர். வந்தவன் பிள்ளை கடத்துகிறவன். அன்று மாலையே சிறுமிகள் இருவரும் தாயிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

“பெரிய மதிலே கட்டியிருந்தாலும் சரியான கார்டோட வந்தவன விட்டுத்தான் இருப்போம். அந்த ஒரு போன்தான் புடிச்சுக் குடுத்துச்சு.”

சரத்குமார் விடவில்லை. “நாம சொல்ற தகவல அங்க யாராவது வித்துட்டா மேடம்?”

சத்யப்பிரியாவுக்கு மழுப்ப மனம் வரவில்லை.

“நடந்துருக்கு தம்பி. எங்க சோதனை போடுறோம்னு முன்னாடியே தெரிஞ்சு ஒருத்தன் தப்பிச்சிட்டான். எந்தப் பக்கம் கசிஞ்சதுன்னு இன்னி வரைக்கும் தெரியல. ரொம்ப நாள் சோறு எறங்கல எனக்கு. அதுக்கப்புறம் எதைச் சொல்றது, எதை நமக்குள்ள வச்சுக்கறதுன்னு பிரிச்சோம். பேச்ச மட்டும் நிறுத்தல.”

தீர்ப்பைத் தயங்காமல் சொன்னாள். “சேந்தா வலுக்கும். ஆனா குற்றவாளிங்க பட்டியல் மொதல்ல ஒண்ணாகணும், எல்லைக் கதவ அப்புறம் தொறக்கணும். ராணுவமும் ரகசியமும் அந்தந்த நாட்டுக் கையிலயே இருக்கட்டும்.”

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. சிறந்த பேச்சாளர் பரிசுக்கு அவள் எழுதிக் கொடுத்த பெயரைப் பார்த்து ஆர்த்தி திகைத்தாள்.

“சரத்குமாரா? அவன் பக்கம் தோத்துடுச்சேடி!”

“எல்லாரும் மனப்பாடம் பண்ணிட்டு வந்ததப் பேசுனாங்க. அந்தத் தம்பிதான் என் வேலையில இருக்குற ஓட்டையப் பாத்துக் கேட்டுச்சு. மைக்கைக் குடு, நானே பேரைச் சொல்றேன்.”