சிவப்பிரகாஷின் ரெண்டு டிக்

செத்துப்போன மகனுக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறவளைக் கோட்டிக்காரி என்று சொல்லுகிறவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும். பேச்சிச்செல்விக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அவள் அனுப்பினால் போய்ச் சேருகிறது, ரெண்டு டிக் விழுகிறது. உயிரோடு இருக்கிற சொந்தக்காரர்களில் எத்தனை பேருக்கு அப்படி உடனே விழுகிறது, சொல்லுங்கள் பார்ப்போம்!

அவன் போன் அவளிடம்தான் இருந்தது. பைபாஸில் பைக் சறுக்கி சிவப்பிரகாஷ் போன அன்று, ஆஸ்பத்திரியில் அவன் வாட்ச்சோடும் பெல்ட்டோடும் ஒரு பையில் போட்டு அவள் கையில் கொடுத்தார்கள். கண்ணாடி ஒரு மூலையில் விரிசல் விட்டிருந்தது, ஆனால் உயிர் இருந்தது. எடுத்து இடுப்பில் செருகியவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. ரோட்டில் எங்கேயோ விழுந்து தொலைந்தது என்றுதான் மந்திரமூர்த்தி இன்னும் நினைத்திருந்தார். அவளே ரகசியமாக ரீசார்ஜ் போட்டு வந்தாள்.

ஒரே ஒரு பயம்தான் அவளுக்கு. முதல் தடவை போடப் போனபோதே ரீசார்ஜ் கடை விஜிலா எச்சரித்திருந்தாள். "அக்கா, இது ஒருக்க அணஞ்சு போச்சுன்னா, பொறவு புள்ளியச் சேத்துக் கோடு இழுத்துப் பூட்டத் தொறக்காம மெசேஜ் ஒண்ணும் உள்ள போவாது. அணைய மட்டும் விட்றாதிய." அந்தக் கோடு எப்படிப் போகும் என்று தெரிந்தவன் போய்விட்டான். போன் அணைந்தால் அவனுக்கும் அவளுக்கும் இருக்கிற கடைசி வழியும் அடைபட்டுவிடும்.

இப்போது ரெண்டு பேரும் வந்து தங்கியிருக்கிற இந்த வண்டியும் அவன் செய்ததுதான். துறைமுகத்தில் கிரேன் எலக்ட்ரீஷியன் வேலை. மிச்ச நேரமெல்லாம் ஒரு பழைய டெம்போ டிராவலரோடு மல்லுக்கட்டி, சீட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, கட்டிலும் அடுப்பும் குட்டி ஃபிரிட்ஜும் வைத்தான். கூரையில் சோலார் பலகை, கட்டிலுக்கு அடியில் ரெண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய பேட்டரி. அந்தப் பேட்டரியிலிருந்தே நேராக ஒரு வயரை இழுத்து, கட்டில் பலகைக்குக் கீழே தனக்கென்று ஒரு சார்ஜர் மாட்டிக்கொண்டான். "மெயின் சுவிட்ச அணச்சாலும் என் போனுக்குக் கரண்ட் வரும்மா" என்று சிரித்தான். அந்தச் சார்ஜரில்தான் அவன் போன் இப்போதும் தொங்கியது, வயரை எடுத்தால் ரொம்ப நேரம் தாங்காது.

துட்டி வருஷம், சாவு விழுந்த வீடு. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் படியேறக் கூடாது. சொந்தபந்தம் எல்லாம் வந்து இறங்குமுன்னே போய், தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வருவோம் என்று மந்திரமூர்த்தி பலசரக்குக் கடையை அடைத்துவிட்டு, மணப்பாடு தாண்டித் தேரிக்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். செம்மணல் மேடு, பனை, தள்ளிக் கோயில் சுவர். கரண்டுக் கம்பம் கிடையாது. மேட்டில் ஏறினால் கடல் தெரியும், போனுக்குச் சிக்னலும் நன்றாக வரும்; கீழே வண்டியில் வந்து வந்து போகும்.

வந்த நாளிலிருந்து வானம் மூடியே கிடந்தது. வெயில் இல்லாமல் சோலார் என்ன செய்யும்? பேச்சிச்செல்வி சாமி இருக்கிற திசையைப் பார்த்ததைவிட, பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் சுவர் மீட்டரைப் பார்த்ததுதான் அதிகம். நூற்றுக்கு எழுபத்தெட்டு, எழுபத்து மூன்று, அறுபத்தெட்டு. பரவாயில்லை, பாதிக்கு மேல் இருக்கிறதே என்று ஆறுதல் பட்டுக்கொள்வாள். உடனே மேட்டில் ஏறி, "சாப்பிட்டியாய்யா?" என்று அனுப்புவாள். ரெண்டு டிக்.

ஆனால் வண்டிக்குள் என்னவோ சரியில்லை. ஃபேன் யாரோ இறக்கையைப் பிடித்த மாதிரி இழுத்து இழுத்துச் சுற்றியது. பொழுது சாயும்போது போட்ட விளக்கு மஞ்சளடித்து நின்றது. ஆள் தொடாமலே ஃபிரிட்ஜ் முனகி ஓய்ந்தது.

"ஏளா, மீட்டரு அறுவத்தெட்டுங்குது, வோல்ட்டு எறங்கிக்கிட்டே போவுது" என்றார் மந்திரமூர்த்தி. "நம்மளத் தவுத்து ஏதோ ஒண்ணு இங்கன உக்காந்து திங்குது."

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வருஷம் திரும்புமட்டும் ஆவி வீட்டைச் சுற்றும் என்பார்கள். இந்த வண்டியை விட்டால் அவனுக்கு வேறு வீடு ஏது? பயந்தாளா என்றால், அதுதான் இல்லை. திங்கட்டுமே, என் பிள்ளைதானே, வயிறாரத் தின்னுட்டுப் போகட்டுமே என்று சந்தோஷமே பட்டாள்.

"பேட்டரியத் தொறந்து பாத்துருவமா?" என்றார் அவர். "இல்லன்னா இஞ்சினப் போட்டுச் செத்த நேரம் ஓட விடுவோம்."

கட்டில் பலகையைத் தூக்கினால் போன் தெரிந்துபோகும். அவள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "ஒண்ணும் வேண்டாம். அதான் அறுவத்தெட்டு இருக்குல்லா? சும்மா எதுக்கு டீசல எரிச்சுக்கிட்டு!"

அவர் தன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இங்கே வந்ததிலிருந்தே வெளியே போய்த்தான் சாப்பாடு. காலித் தட்டோடு திரும்பி வருவார். எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட ஒரு செவலை நாய் அவர் பின்னாலேயே அலைந்தது.

மறுநாள் மத்தியானம் பேச்சிச்செல்வி மேட்டில் ஏறி வழக்கம்போல அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்தது. சிக்னல் மோசம், சவம், என்று கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பனையோலை சலசலத்து ஓய்ந்தது. மறுபடி பார்த்தாள், அதே ஒற்றை டிக். செம்மணலில் விழுந்து எழுந்து ஓடிவந்து கட்டில் பலகையைத் தூக்கினாள். போன் கருத்துக் கிடந்தது. சார்ஜரின் சின்ன விளக்கும் செத்திருந்தது. தலைக்கு மேலே மீட்டர் மட்டும் கூசாமல் அறுபத்தைந்து என்றது.

"பாவி! அறுவத்தஞ்சுன்னியே, அறுவத்தஞ்சுன்னியே!" என்று மீட்டரை உள்ளங்கையால் அறைந்தாள்.

சத்தம் கேட்டு வந்த மந்திரமூர்த்தி வாசலிலேயே நின்றுவிட்டார். போனைப் பார்த்தார். அந்த விரிசலையும், பின்பக்கம் ஒட்டியிருந்த துறைமுகப் படத்தையும் பார்த்தார். அவருக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மண்டியிட்டு வயரை விரலாலேயே தடவிக்கொண்டு பேட்டரிவரை போனார்.

"பய மீட்டரத் தாண்டிப்போட்டு நேரா இழுத்துருக்கான்" என்றார் மெதுவாக. "மீட்டரு, தன் வழியா வர்றதையும் போறதையும் மட்டுந்தாம்ளா கூட்டிக் கழிக்கும். இது அதுக்குத் தெரியாமலே போயிருக்கு. நிதம் கொஞ்சமாப் போனாலும் வெயில் இல்லாத நாள்ல ஈடுகட்ட முடியுமா? எல்லாத்தையும் அணச்சுப்போட்டு, பேட்டரிய ஓய விட்டு வோல்ட்டப் பாத்தாத்தான் நெசம் தெரியும். காலைல அப்படித்தான் பாத்தேன். பதினொண்ணரைல கெடந்துச்சு. அது காலி வயிறு."

"நாந்தான் உங்களத் தொறக்க விடல!" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "இனி அணஞ்சது அணஞ்சதுதான். என் பிள்ளைய நானே ரெண்டாந்தடவ கொன்னுட்டேன்."

அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். முன்னால் போய் இஞ்சினைப் போட்டு, டிரைவர் சீட்டுப் பக்கத்தில் போனைச் சொருகினார். வெகுநேரம் கழித்து அது விழித்தது. ஒன்பது புள்ளிகள் வந்து நின்றன. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மந்திரமூர்த்தி விரலை வேட்டியில் துடைத்துவிட்டு, புள்ளிகளின் மேல் தயங்காமல் ஒரு கோடு இழுத்தார். பூட்டு திறந்தது.

"கடைல என் பக்கத்துலதான உக்காந்திருப்பான்" என்றார். "எத்தன தடவ பாத்திருக்கேன்."

சொல்லிவிட்டுப் போனோடு இறங்கி மேட்டில் ஏறினார். அவளுடைய வரிகளை வாசிக்கப் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. போங்க, வாசிங்க, இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? அவள் தன் போனை மடியில் வைத்துக்கொண்டு கதவருகே உட்கார்ந்தாள். இங்கேயும் சிக்னல் வந்து வந்து போனது. திடுமென்று, அத்தனை மாதமாக அனுப்பிய அத்தனை "சாப்பிட்டியாய்யா?"வும் வாசித்தாயிற்று என்று நீல டிக்காக மாறிக்கொண்டு வந்தன. வாசிக்கிறது யார் என்று நன்றாகத் தெரிந்தும் அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மகன் பேருக்குக் கீழே, எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

வந்துவிட்டது. அவன் படத்தோடு, அவன் பேரில் வந்திருந்தது.

"இல்லம்மா. இன்னும் சாப்பிடல. பசிக்கி."

பேச்சிச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு மேட்டைப் பார்த்தாள். அங்கே உட்கார்ந்திருந்த மனுஷனின் சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து நுழையும்போல இருந்தது. பக்கத்தில் செவலை நாய் மினுமினுவென்று கொழுத்துப் படுத்திருந்தது. இத்தனை நாளாகக் காலித் தட்டோடு அவர் திரும்பி வந்தது எப்படி என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஐயோ, இந்த மனுஷனை ஒரு நாளாவது சாப்பிட்டியளா என்று கேட்டேனா நான்!

ரெண்டு தட்டில் சோறு போட்டாள். கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். மேட்டில் ஏறி நாயை விரட்டிவிட்டு அவருக்கு எதிரே மணலில் உட்கார்ந்தாள். ரெண்டு பேருக்கும் நடுவில் அவன் போன் வெளிச்சமாகக் கிடந்தது.

"சாப்பிடுங்க" என்றாள். "நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."