இரண்டாவது வரிசையில் என் தலை

குரூப் போட்டோவை வகுப்பில் கொடுத்தபோது எல்லோரும் முதலில் தங்கள் மூஞ்சியைத் தேடினார்கள். பிறகு என் தலையைத் தேடினார்கள். பக்கத்து பெஞ்சுக்காரி கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "அடியே, உனக்கு முடி இருக்குடி!" வகுப்பே சிரித்தது. இரண்டாவது வரிசையில், என் சீருடையில், அடர்ந்த முடியோடு எவளோ ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

எட்டு மாதம் முன்பு காதுக்குப் பின்னால் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம் விழுந்தது. பிறகு இன்னொன்று, இன்னொன்று. என் உடம்பே என் முடியை எதிரி என்று நினைத்துக்கொண்டு உதிர்க்கிறதாம், டாக்டர் சொன்னார். திரும்ப முளைக்குமா? முளைக்கலாம், முளைக்காமலும் போகலாம். இதைச் சொல்லவா இவ்வளவு படித்தார் என்று எரிச்சலாக வந்தது. அன்றிலிருந்து தொப்பி. தலையில் கண்டம் கண்டமாக இருந்ததால் வகுப்பில் எனக்கு 'க்ளோப்' என்று பட்டப்பெயர். நானும் சேர்ந்து சிரிப்பேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன்.

போட்டோ எடுத்த அன்று என்ன தோன்றியதோ, தொப்பியைக் கழற்றிப் பையில் திணித்துவிட்டேன். இதுதான் நான், பார்த்துத் தொலையுங்கள் என்று நின்றேன். எடுக்க வந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி, ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கேமராவை விட்டுவிட்டு ஓடி வந்து, "தொப்பிய போட்டுக்கோ கண்ணு," என்று கிசுகிசுத்தார். "வேணாம் மாமா. இப்படியே எடுங்க." அந்த வருஷம் முழுக்க நான் செய்த ஒரே தைரியமான காரியம் அது.

பள்ளி விட்டதும் நேரே ஸ்டூடியோவுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் மாமாவின் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? ரெண்டு நாள் உக்காந்து செஞ்சேன். உன் பழைய பாஸ்போர்ட் போட்டோவுல இருந்து முடிய எடுத்து வச்சேன். ஒட்டு தெரியுதா சொல்லு?"

"யாரு மாமா செய்யச் சொன்னா?"

"யாராச்சும் சொல்லணுமா? என் அக்கா பொண்ணுக்கு நான் செய்யாம..."

"மத்தவளுங்க பருவெல்லாம் அப்படியே இருக்கு. என்னைய மட்டும் ஏன் மாத்துனீங்க? என் தலைய குடுங்க. நான் நின்ன மாதிரியே வேணும்."

மாமா மவுஸிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "அதுமேலயே சேவ் பண்ணிட்டேன் கண்ணு. மத்ததெல்லாம் அழிச்சிட்டேன்," என்றார். "அத எதுக்கு வச்சிக்கணும்னு நெனச்சேன்."

அவருக்குக் கண் கலங்கியது. எனக்கு இரக்கம் வரவில்லை. பாசம்தான் என்று தெரிந்தும் அப்படி ஒரு கோபம். உள்ளறைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினேன். போட்டோ எடுத்த நாளில் இடப்பக்கம் கொஞ்சம் முடி இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. அன்று நின்ற தலைகூட இனி எனக்கு இல்லை.

"எடுங்க மாமா."

விளக்குகளைப் போட்டார். கேமராவுக்குப் பின்னால் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. விளக்கின் சூடு வெறும் தலையில் நேராக இறங்கியது. கண் சிமிட்டினால் படம் கெட்டுவிடும் என்று சிறு வயதில் அவர்தான் எனக்குச் சொல்லியிருக்கிறார். சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.