ஒருநாள் தள்ளிப்போன அறுப்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் அரசு உத்தரவிலிருந்து பிறந்தது. எழுபதுகளின் கடைசியில் எங்கள் கல்லூரிக்கு செமஸ்டர் வந்தது. அதுவரை பரீட்சை சித்திரையில், வயல் சும்மா கிடக்கும்போது நடக்கும். இனி ஐப்பசியிலும் ஒன்று. அது குறுவை அறுக்கிற சமயம் என்று உத்தரவு எழுதியவருக்கு யார் சொல்வது?

2

முதல் தொடக்கம்: "வலங்கைமான் பக்கத்து வயல்களில் பொன்னிறக் கதிர்கள்…" (அடித்துவிட்டேன். கதிரைப் பொன் என்பவன் அரிவாள் பிடித்தவனில்லை. நானும் பிடித்ததில்லை.)

இரண்டாவது: அம்சம் என் வகுப்புப் பெண். அவள் குடும்பம் எங்கள் வயலில் நடவு நட்டது. நட்ட குடும்பமே அறுக்கும் என்பது ஊர் வழக்கம். ஒரு கை குறைந்தால் அந்தப் பங்கு வெளியூர் ஆளுக்குப் போகும். வெளியாள் இறங்கினால் அந்த நாளில் அடிதடிதான். அறுப்பும் கடைசிப் பரீட்சையும் ஒரே திங்கள்கிழமை. எழுதாவிட்டால் அவளுடைய உபகாரச் சம்பளம் நின்றுவிடும், அதோடு படிப்பும்.

3

விவசாயத் தொழிலாளர் சங்கத்துக் கோவிந்தராசு வீட்டுக்கு வந்தார். என் அப்பா ரெங்கசாமி அவரை 'வாங்க' என்று சொல்லக் கற்று நாலு வருஷம்தான் ஆகியிருந்தது.

"கூலி விஷயம்தானே?"

"அத அப்பறம் பேசிக்கலாங்க. அறுப்ப செவ்வாக்கெழமைக்குத் தள்ளிவைங்க. நம்ம அம்சத்துக்குப் பரீட்சை."

"மேகம் கூடியிருக்கு. நெல்ல நனைய விடச் சொல்றீங்களா?"

"நனைஞ்சா எங்க கூலி நெல்லுந்தானுங்க நனையும். பதினாறு குடும்பமும் பேசிட்டுத்தான் வந்திருக்கேன்."

(இந்த இடத்தில் அப்பா மனம் மாறுவதை மூன்று விதமாக எழுதினேன். மூன்றிலும் அவர் மகானாகிவிட்டார். கிழித்துப் போட்டேன். நடந்தது இவ்வளவுதான்.) களத்தில் நின்று நெல் அளக்க வேண்டியவன் நான். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒனக்கும் திங்கக்கெழமதானேடா பரீட்சை?"

"ஆமாப்பா."

"சரி, செவ்வாக்கெழமையே அறுங்க."

கோவிந்தராசு சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார். சங்கமும் பண்ணையும் ஒரே பக்கம் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தச் சந்தோஷம் இதை எழுதும்போதும் அப்படியே இருக்கிறது.

4

திங்கள்கிழமை பதினோரு மணிக்கு வானம் இருட்டியது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பாதிக் கேள்விகளை விட்டேன். அம்சத்தின் கண்களில்… (கண்களைப் பற்றி எனக்குத் தெரியாது. அவள் எனக்கு முன் பெஞ்ச்.)

மழை பெய்ததா? ஊர் நெல்லெல்லாம் வயலிலேயே முளைத்துப்போன முடிவு ஒன்று வைத்திருக்கிறேன். மேகம் தரங்கம்பாடிப் பக்கம் நகர்ந்து கடலில் கொட்டிய முடிவும் ஒன்று இருக்கிறது. பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் அந்த இருட்டில் அம்சம் எழுந்து நின்று, "சார், இன்னொரு அடிஷனல் ஷீட் குடுங்க" என்றாள். அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.