மீதி ஐந்து படம்

அலுவலகத்தில் அவருக்கு நொட்டை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் பிழைத்திருந்தது. கேமராக்களைப் பற்றிய மாதப் பத்திரிகை ஒன்றில் பதினேழு வருடமாக 'முதல் பார்வை' என்ற பகுதியை எழுதிவந்தார். புதுக் கேமரா கடைக்கு வருவதற்கு முன்பே அவர் கைக்கு வந்துவிடும். ஒரு வாரம் வைத்திருந்து, துருவித் துருவிப் பார்த்து, நாலு நொட்டை சொல்லித் திருப்பி அனுப்புவார். தங்கத்தில் கேமரா செய்து கொடுத்தாலும் கனம் அதிகம் என்று எழுதக்கூடிய மனிதர். அவர் வயதுக்கு மரியாதை கொடுத்து நாம் நொட்டையார் என்றே வைத்துக்கொள்வோம்.

அந்தத் திங்கட்கிழமை வந்த பெட்டியில் இருந்தது, பழைய கேமரா வேஷம் போட்ட புது டிஜிட்டல் கேமரா. உள்ளங்கைக்குள் அடங்கும். மேல்பக்கம் வெள்ளி நிறம், உடம்பைச் சுற்றித் தோல் மாதிரி ரப்பர், தலையில் மூன்று திருகுகள். வலது ஓரத்தில், அந்தக் காலத்தில் ஃபிலிமை இழுத்துவிடுவதற்கு இருந்ததே, அதே மாதிரி ஒரு சின்னக் கைப்பிடி. உள்ளே ஃபிலிம் என்று ஒன்று கிடையாது. இருந்தாலும் கைப்பிடியை இழுத்தால்தான் அடுத்த படம் எடுக்கும். இழுக்கும்போது உள்ளேயிருந்த ஸ்பீக்கர் 'கிர்ர்ரக்' என்று ஒரு பொய்ச் சத்தம் போட்டது. "மீசை ஒட்டிக்கொண்ட குழந்தை" என்று குறிப்பேட்டில் முதல் வரியை எழுதினார் நொட்டையார்.

அதில் 'ரோல்' என்று இன்னொரு கூத்தும் இருந்தது. அதைப் போட்டுவிட்டால் பின்பக்க ஸ்க்ரீன் அணைந்துவிடும். முப்பத்தாறு படமும் எடுத்து முடிக்கும்வரை ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் மீதி எத்தனை என்று எண் மட்டும் தெரியும். அந்தக் காலத்துக் காத்திருப்பைத் திரும்பக் கொண்டுவருகிறார்களாம்.

வேறொரு வாரமாக இருந்தால் வெறும் வாயை மெல்லுகிற மனிதருக்கு அவல் கிடைத்த கதைதான். அந்த வாரம் அவருக்கு மெல்லுவதற்கு மனம் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் அவர் மனைவிக்கு ஆபரேஷன்.

மனைவி தண்ணீர் வாரியத்தில் போனில் புகார் கேட்கிற வேலையில் இருந்தாள். "பகல் பூரா ஊராரோட புகார், வீட்டுக்கு வந்தா உங்க புகார். என் காது என்ன குப்பைத்தொட்டியா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாள். இடது பக்கம் ஒரு தெற்றுப்பல். சிரித்தால் உதட்டை ஒதுக்கிக்கொண்டு முதலில் அதுதான் எட்டிப் பார்க்கும். சின்ன வயதில் யாரோ கேலி செய்ததிலிருந்து, எவராவது போனைத் தூக்கிப் படம் எடுக்க வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். அந்தப் பல்லுக்குக் கீழே, தாடை எலும்பில்தான் கட்டி வந்திருந்தது.

டாக்டர் ஒரு தாளில் முகத்தை வரைந்து, இடது கீழ்ப்பக்கத்தைப் பேனாவால் அடித்துக் காட்டினார். இவ்வளவு எலும்பும் போகும், பல்லும் போகும், காலிலிருந்து எலும்பு எடுத்து வைப்போம் என்றார். "உயிருக்கு பயம் இல்ல. முகம் கொஞ்சம் ஒரு பக்கமா இழுத்துக்கும். பேச்சு மெல்ல மெல்ல வரும். சிரிப்பு மட்டும் பழைய மாதிரி வரும்னு எதிர்பாக்காதீங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள். "என்னங்க, நான் சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ வீட்டுல இருக்கா?"

"ஏன் இல்லாம? எத்தனை கேமரா வந்திருக்கு நம்ம வீட்டுக்கு!" என்றார் நொட்டையார்.

அன்றே தேடினார். வருடவாரியாக அடுக்கி வைத்த கோப்புகளில் அவள் படம் மட்டும் ஆயிரத்துக்கு மேல் இருந்தது. ஒன்றிலும் அவள் சிரிக்கவில்லை. காரணம் அவரேதான். வருகிற ஒவ்வொரு கேமராவையும் ஒரே மாதிரி சோதிப்பது அவர் முறை. எதிர்வீட்டுச் செங்கல் சுவர், வரிசையாக வைத்த வண்ணப் பென்சில்கள், கடைசியாகத் தோல் நிறத்துக்கு மனைவி. சமையலறை ஜன்னலோரம், அதே நாற்காலி, காலை பத்து மணி வெளிச்சம், தாடைக்குக் கீழே சாம்பல் நிற அட்டை. சிரித்தால் கன்னம் மேலேறி நிழல் மாறிவிடும், போன கேமராவோடு ஒப்பிட முடியாது என்று, "சிரிக்காத, அசையாத" என்றே பதினேழு வருடம் சொல்லியிருந்தார். அவளும் கைதி மாதிரி அட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்திரிகையில் வந்ததும் முழு முகம் இல்லை. இமைமுடி ஒரு துண்டு, கன்னம் ஒரு துண்டு. கல்யாண ஆல்பத்தில் அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

நொட்டையாருக்கு அன்றைக்குத்தான் சுருக்கென்றது. ஊர்க் கேமராவையெல்லாம் குறை சொன்ன வாய்க்கு, தன் குறையைச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. "இல்லம்மா" என்றார். "வியாழக்கிழமை காலையில எடுத்துடலாம். அட்டை வேண்டாம்."

வியாழக்கிழமை பத்து மணிக்கு அவள் தலைவாரி, பிடித்த நீலப் புடவை கட்டிக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். மத்தியானம் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அலமாரியில் அவருடைய சொந்தக் கேமரா இருந்தது, நல்ல கேமரா. ஆனால் அவள் மேஜைமேல் இருந்த குட்டியைக் காட்டினாள்.

"இதுல எடுங்க. பாக்க லட்சணமா இருக்கு."

"இது பொம்மைம்மா. எடுத்ததைப் பாக்கக்கூட விடாது."

"அதான் நல்லது. நீங்க ஒவ்வொண்ணா பாத்து மூக்கு சரியில்ல, முழி சரியில்லன்னு சொல்ல முடியாதுல்ல?"

ரோலைப் போட்டார். முதல் நாலைந்து படத்தில் அவள் சிரித்தது சிரிப்பே இல்லை. சொல்லி வருமா சிரிப்பு? பல்லைக் காட்டினாள், அவ்வளவுதான். ஆறாவது படத்துக்கு நொட்டையார், ஏதோ அணு உலையை இயக்குகிறவர் மாதிரி முகத்தை இறுக்கிக்கொண்டு கைப்பிடியை இழுத்தார். 'கிர்ர்ரக்.'

"என்னங்க அது, இழுக்கிறப்பல்லாம் ஏப்பம் விடுது?"

"சத்தம் பதிவு பண்ணி வச்சிருக்கான். ஏமாத்து வேலை."

"ஏமாத்து வேலைய எவ்வளவு மரியாதையா இழுக்கிறீங்க!"

அவ்வளவுதான், உடைத்துக்கொண்டு வந்தது. அவர் எடுக்க, இழுக்க, அது ஏப்பம் விட, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, கண்ணில் தண்ணீர் வர, புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு மறுபடி சிரிக்க. ஒரு தடவைகூடக் கை வாய்க்குப் போகவில்லை. நொட்டையார் ஒரு கண்ணை மூடி, மறுகண்ணைப் பார்வைத் துளையில் அழுத்திக்கொண்டு எடுத்துத் தள்ளினார்.

முப்பத்தொன்றாவது படத்தில் அவள் கையை நீட்டித் தடுத்தாள். மற்றக் கை தாடையைப் பிடித்திருந்தது.

"போதும்ங்க, விண்ணு விண்ணுன்னு வலிக்குது. இனிமே என்னால சிரிக்க முடியாது." மூச்சு வாங்கினாள். "மீதி எத்தனை?"

"அஞ்சு."

"அது இருக்கட்டும். எல்லாம் முடிஞ்சு, கட்டுப் பிரிச்சப்புறம் அந்த முகத்தையும் அஞ்சு எடுத்து ரோலை முடிங்க. ரெண்டையும் ஒண்ணா உக்காந்து பாப்போம். இந்த முகம் பத்திரமா உள்ள இருக்குன்னா, அந்த முகத்தைப் பாக்க எனக்கு தைரியம் வரும்."

மாத்திரை போட்டுக்கொண்டு, இடது கன்னத்தில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு, உள்ளறையில் போய்ப் படுத்தாள். நொட்டையார் கம்பெனிக்குப் போன் செய்து, கேமராவை இன்னும் மூன்று வாரம் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினார். துணிப்பையும் ரிப்போர்ட்டுகளும் வாசலில் தயாராக இருந்தன. மணி பதினொன்றரை. செய்வதற்கு ஒன்றும் இல்லை.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியை நாம் எல்லாரும் கேலி செய்கிறோம். நாற்காலியில் உட்கார்ந்த நொட்டையாரின் கை கேமராவை எடுத்தது. மனம் ஆபரேஷன் அறைக்குள் இருந்தது, கை மட்டும் வேலைக்குப் போயிற்று. படத்துக்குப் படம் இடையில், எதிர்பாராத நேரத்தில் பாட்டரியை உருவினால் கேமரா என்ன செய்கிறது என்று பார்ப்பது அவருடைய தனிச் சோதனை. வேறு எந்தப் பத்திரிகையிலும் அது கிடையாது என்பதில் அவருக்குக் கர்வம்கூட உண்டு. எத்தனையோ கேமராவுக்குச் செய்தது. அடிப்பக்கத்து மூடியை நகத்தால் தள்ளினார், பாட்டரியை உருவினார், மனதுக்குள் மூன்று எண்ணினார், திரும்பப் போட்டார்.

சின்னக் கட்டத்தில் எண் வந்தது. முப்பத்தாறு.

அணைத்துப் போட்டுப் பார்த்தார். முப்பத்தாறு. பின்கட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, கம்பெனி என்ஜினியருக்குப் போன் போட்டார்.

"ரோல் முடியிற வரைக்கும் படமெல்லாம் தற்காலிக மெமரியிலதான் சார் நிக்கும். ஆஃப் பண்ணினா ஒண்ணும் ஆகாது. பாட்டரியையே உருவினா போச்சு" என்றான் என்ஜினியர். "ரோல் நடுவுல எவன் சார் பாட்டரிய உருவுவான்?" பிறகு அவன் குரல் துள்ளியது. "ஆனா சார், எங்க ஆளுங்க இருபது பேருக்கு மாட்டாத குறை இது! விற்பனைக்கு முன்னாடி சரி பண்ணிடுவோம். நல்லவேளை, உங்ககிட்ட கொடுத்தோம்."

"திரும்ப எடுக்க வழியே இல்லையா?"

"இல்ல சார். முக்கியமான படமா?"

"சோதனைப் படம்தான்" என்றார் நொட்டையார்.

உள்ளறை வாசலில் போய் நின்றார். அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். எழுப்பிச் சொல்லியிருக்கலாம். அலமாரியில் நல்ல கேமரா இருந்தது, கையில் மூன்று மணி நேரமும் இருந்தது. ஆனால் வலிக்கிற தாடையை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை சிரி என்று எந்த வாயால் கேட்பது? கேட்டாலும், விஷயம் தெரிந்த பிறகு எந்தச் சிரிப்பு வரும்? இப்படியெல்லாம் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். உண்மையில் அவருக்குப் பயம், வேறொன்றும் இல்லை.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மறுநாள் காலை தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோகும்போது அவள் அவர் விரலைப் பிடித்துச் சொன்னாள். "கேமராவை யார்கிட்டயும் கொடுத்துடாதீங்க." அவர் தலையாட்டினார்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ஒன்பது மணி நேரம். பிறகு குழாய்கள், கட்டுகள், வீக்கம். பேச்சுக்குப் பதில் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் கொடுத்தார்கள். 'தண்ணி.' 'மின்விசிறி.' 'நீங்க சாப்பிட்டீங்களா.' பன்னிரண்டு நாள் அந்தப் பலகையில் என்னென்னவோ வந்தது, நொட்டையார் பயந்துகொண்டிருந்த வார்த்தை மட்டும் வரவில்லை. இதற்குள் கட்டுரையும் அச்சுக்குப் போயிற்று. பாட்டரிக் கண்டுபிடிப்பைப் பெட்டிச் செய்தியாகவே போட்டு, "பேரைக் காப்பாத்திட்டய்யா நொட்டை!" என்று முதுகில் தட்டினார் ஆசிரியர். குறையைச் சரி பண்ணவென்று கேமராவையும் கம்பெனிக்காரர்கள் தவணைக்கு முன்பே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பதின்மூன்றாம் நாள் முகக்கட்டைப் பிரித்தார்கள். நர்ஸ் கண்ணாடியை நீட்டியபோது அவள் வேண்டாம் என்று கையசைத்தாள். நர்ஸ் போனதும் தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, பலகையில் எழுதினாள்.

'கேமரா எங்க? அஞ்சு எடுக்கணும்.'

முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? நொட்டையார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். மூடியைத் தள்ளியது, பாட்டரியை உருவியது, முப்பத்தாறு என்று வந்தது, பின்கட்டில் போன் பேசியது. "கை தானா செஞ்சிடுச்சும்மா" என்று சொல்லும்போது அழுதுவிட்டார்.

அவள் அழவில்லை. இழுத்துக்கொண்ட அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு அவள் முகத்தில் என்ன ஓடுகிறது என்று அவருக்குப் படிக்கத் தெரியவில்லை. பலகையைத் துடைத்துவிட்டு எழுதினாள்.

'பரவால்ல. நீங்க பாத்தீங்கல்ல? எப்படி இருந்தேன்? சொல்லுங்க.'

எழுதிவிட்டுப் பேனாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள்.

நொட்டையார் கண்ணை மூடி அந்தக் காலைக்குப் போனார். பார்வைத் துளை இருட்டாக இருந்தது நினைவில் இருந்தது. அது இடது ஓரத்தை வெட்டியதும், அதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்று நினைத்ததும் இருந்தது. பதினெட்டாவது படத்தில் ஜன்னல் வெளிச்சம் குறைந்தது, கைப்பிடி பாதியில் ஒருமுறை சிக்கியது, மீதி பதினொன்று, மீதி ஏழு. எல்லாம் இருந்தது. அவள் முகத்தைத் தேடினார். வரவில்லை.

"பாக்கலம்மா" என்றார். "படம்தான் உள்ள இருக்கே, அப்புறம் நிதானமா பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

அவள் பலகையைக் கவிழ்த்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாலையில் நர்ஸ் வந்து வலி எப்படி இருக்கிறது என்று கேட்டபோதும் அவள் அதை எடுக்கவில்லை.